காதால் கேட்ட வாக்கியம்

அந்த ஆங்கில-தமிழ் அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் கற்பனையாக எழுதக்கூடாது. காதால் கேட்டதாக இருக்க வேண்டும். எழுதுகிறவர் சபேசன், சரிபார்க்கிறவர் அருளப்பன். வாக்கியம் எழுதிய ஒவ்வொரு சீட்டுக்கும், "இதை எங்க கேட்டீங்க சபேசன்?" என்று அருளப்பன் குடைந்தெடுப்பார். எதைப் பற்றியும் விவரம் தெரிந்து பேசுகிற அந்த மனிதரைக் கண்டாலே சபேசனுக்கு வயிறு எரியும்.

'நாலெட்ஜபிளி' என்ற சொல்லுக்கு 'விவரம் தெரிந்து' என்று சபேசன் பொருள் எழுதிவிட்டார். வாக்கியம்தான் ஒரு வாரமாக அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அருளப்பன் முதல்முறையாக சபேசன் வீட்டுக்கு வந்தார். அவரிடம் காபி தம்ளரை நீட்டிய சபேசனின் மனைவி குமுதவல்லி, "அவருக்குச் சீனி போடலைங்க, ஆகாது," என்றாள் கணவனிடம் மெதுவாக. "இடது காதும் கொஞ்சம் மந்தம். வலப்பக்கமா உக்காந்து பேசுங்க." ஒன்பது வருஷமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்தும் சபேசனுக்கு அந்தக் காதின் சங்கதி தெரியாது.

திங்களன்று சபேசன் சீட்டில் எழுதினார்: 'அவள் அவரைப் பற்றி விவரம் தெரிந்து பேசினாள்.'

அருளப்பன் இரண்டு முறை படித்தார். எங்கே கேட்டது என்று கேட்கவில்லை. பச்சை மையில் ஒரு டிக் அடித்து, சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.