ஒரு சொட்டு விஷம்

கல்லீரலின் வாசலில் ஒரு காவல்கார செல் இருந்தது. குடலிலிருந்து ரத்தத்தோடு எது மிதந்து வந்தாலும் தீப்பந்தம் வீசித் துரத்தும்.

ஒருநாள் செத்த கிருமியின் மேல்தோல் ஒன்று, விஷம் ஒட்டியபடி மிதந்து வந்தது.

"அக்கா, எதிரி! பட்டாளத்தையே கூப்பிடுறேன்!" என்று செல் பந்தத்தைத் தூக்கியது.

"நில்லுடா! போன தடவை நீங்க எல்லாரும் கூடி வீசினதுல என் உடம்பு பாதி தழும்பாப் போச்சு. இன்னொரு தடவை தாங்கமாட்டேன்" என்றது கல்லீரல்.

"விஷம், அக்கா!"

"ஒரு சொட்டு விஷத்துக்கு என்னையே கொளுத்துவியா? உனக்கு வாய் எதுக்கு இருக்கு?"

செல் தயங்கித் தயங்கிப் பந்தத்தைக் கீழே வைத்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்தத் தோலை விழுங்கியது. பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"இவ்வளவுதானா, அக்கா?"