நேரில் வந்த பதினேழு பேர்

"மாசம் முப்பதாயிரம் வாங்கிட்டு எத்தனை வண்டி மாப்ளே வித்துக் குடுத்தீங்க? சைபர்!"

பழைய கார் கடை முதலாளி தட்டிய தட்டில் மேஜை மேலிருந்த பேனா உருண்டு விழுந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. கார்களைப் படத்தோடு விளம்பரம் செய்யும் இணையதளக் கம்பெனியில் வேலை. சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி ஒரு வாரமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

"மாமா, போன மாசம் மட்டும் ஆயிரத்து இருநூறு பேர் உங்க வண்டிங்களைப் பார்த்திருக்காங்க."

"வேடிக்கை பார்க்கிறவனுக்கெல்லாம் நான் தண்டம் கட்டணுமா?"

முதலாளி நோட்டைத் தூக்கி அவன் முன்னால் போட்டார். கார் வாங்குகிற ஒவ்வொருவரிடமும், எப்படி வந்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குவது அவர் வழக்கம்.

"மூணு மாசத்துல பதினேழு வண்டி. பதினேழு பேரும் 'நேரில் வந்தோம்'னு கைப்பட எழுதியிருக்காங்க. ஒருத்தராவது உங்க கம்பெனி பேரை எழுதியிருக்காரா பாரு!"

மைத்துனனின் முகம் தொங்கிப்போனது. "இந்த மாசம் ஒரு கடை விலகினாலும் என் வேலை போயிடும் மாமா. அக்காகூட உங்ககிட்ட..."

"அக்காவை இழுக்காதே! வீட்ல அவ தொணதொணப்பு, கடையில உன் தொணதொணப்பு. மனுஷன் எங்கதான் போறது?"

முதலாளிக்கு அலுத்துவிட்டது. இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று போனை எடுத்தார்.

"நீயே ஒரு நம்பரைச் சொல்லு. அவர் வாயாலேயே கேட்டுக்கோ. உங்க விளம்பரத்தைப் பார்த்து வந்தேன்னு சொல்லிட்டா, ஒரு வருஷப் பணத்தை இப்பவே கட்டறேன்."

மைத்துனன் நோட்டில் ஒரு நம்பரைக் காட்டினான். சிவப்பு கார் வாங்கிய பள்ளி ஆசிரியர். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, விஷயத்தைச் சொல்லிக் கேட்டார்.

மறுமுனையில் ஆசிரியர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உண்மையைச் சொன்னா பணம் எதுவும் திருப்பிக் கேட்க மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன். தைரியமா சொல்லுங்க சார்."

"போன்ல படத்தைப் பார்த்துட்டுத்தான் சார் வந்தோம். ஆனா, 'இணையத்தில் பார்த்து வருபவர்களுக்குப் பேரம் கிடையாது, நேரில் வருபவர்களுக்குப் பத்தாயிரம் தள்ளுபடி'ன்னு நீங்களே கையெழுத்துப் போட்டு வாசல்ல ஒட்டி வச்சிருந்தீங்களே!"