ஒன்ஸ் மோர்

அம்மா நடித்தது ஒரே படம்; அதுவும் மூன்றாந்தரப் பேய்ப்படம். நாற்பது வருடம் கழித்து இப்போது ‘கல்ட் கிளாசிக்’காம், கர்மம்! ஞாயிறு பகல் காட்சிக்குப் படித்தவர்களெல்லாம் கூட்டமாக வந்து, அவள் முதுகில் சாட்டை விழும் இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படம் ஓட்டுகிற நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவேன்.

இன்று அந்த இடத்தில் “ஒன்ஸ் மோர்!” என்று ஒரே கூச்சல்.

“போட்டுத் தொலைய்யா” என்றார் முதலாளி. ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி போட்டேன்.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தியேட்டர் பக்கமே போகாதவள். அவள் ரவிக்கையின் முதுகில் ஈரமாக இரண்டு சிவப்புக் கோடுகள்.

“வாராவாரம் ஒண்ணுதானே விழும்? இன்னைக்கு ஏன்டா ரெண்டு தடவை போட்ட?”