விடுதலைக் காட்சி

கதவு தட்டும் சத்தம் கேட்டு அவள் ஓடிப்போய்த் திறந்தாள். கன்னம் வீங்கி, சட்டை கிழிந்து, வாசலில் மகன் நின்றிருந்தான்.

“விட்டுட்டாங்கம்மா. நான் திருடலைன்னு தெரிஞ்சுபோச்சு.”

அவனை இழுத்து அணைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நகங்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு தலையைத் திருப்பி நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

“கட்,” என்றார் இயக்குநர். “ஏம்மா, கட்டிப்பிடிக்கிற வரைக்கும் பிரமாதம். அந்த நகம் பார்க்கிறது நாங்க சொல்லிக்கூடக் கொடுக்கலை. கடைசியில மட்டும் எப்படிக் கோட்டை விடுறீங்க?”

“மறந்துடுதுங்க சார்.”

காலையிலிருந்து இதே பாடுதான். மகனாக நடித்த இளைஞனின் கன்னத்து வீக்கத்துக்கு ஒப்பனைக்காரர் மறுபடியும் சாயம் பூசினார்.

“நிஜ முகம் வேணும்னு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடிச்சிட்டு வந்தோம் பாருங்க, நம்மளைச் சொல்லணும்,” என்று இயக்குநர் உதவியாளரிடம் அலுத்துக்கொண்டார். “குற்றத் தொடர்னா குடிசைப் பையன்தான் திருடனான்னு ஊரே திட்டுது. ஒரு வாரமாவது நிரபராதின்னு விடலாம்னா, விடுற காட்சி முடிய மாட்டேங்குது. இன்னொரு தடவை சொதப்பினா வேற அம்மாவைக் கூப்பிடுங்க.”

அது அவள் காதிலும் விழுந்தது. முகம் செத்துப்போனது.

இளைஞன் தன் தேநீரை அவளிடம் நீட்டினான். “பயப்படாதீங்கம்மா. கேமராப் பக்கம் திரும்பாம இருந்தாப் போதும்.”

“தெரியும் தம்பி.”

“தெரிஞ்சேவா திரும்புறீங்க?”

அவள் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“என் பையனையும் இப்படித்தான் விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க. துணியில சுத்திக் கொடுத்தாங்க, ஒரு விரல்லயும் நகமில்லை. இங்க, சாமி புண்ணியத்துல, ஒவ்வொரு தடவையும் நடந்து வர்றான்.”

விளக்குகள் எரிந்தன. “ஆக்‌ஷன்” என்ற குரல் வந்தது.

அவள் கதவைத் திறந்தாள். அணைத்தாள். நகங்களைத் தடவினாள். இந்தத் தடவை திரும்பவில்லை. கண்களை இறுக மூடிக்கொண்டாள். “ஓகே” சொல்ல இயக்குநர் வாயெடுத்தார்.

அவள் தோளில் சாய்ந்திருந்த இளைஞன் தலையைத் திருப்பி, நேராகக் கேமராவைப் பார்த்தான்.

“தப்பு என்னுது சார். மறுபடியும் வந்து கதவைத் தட்டுறேன்.”