பேர் சொல்ல வேண்டாம்

“கோழியைச் சாகவிட்டுட்டு கம்ப்யூட்டர் மேல பழி போட்டவன், உனக்கு முன்னால இங்க இருந்த அந்த மார்ட்டின். அவனாட்டம் இருந்தீன்னா நீயும் ஊட்டுக்குப் போயிரலாம்.”

ராசிபுரம் ரோட்டுக் கோழிப்பண்ணையில் ஜெர்லின் வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ராசப்பன் சொன்னது.

இன்று மதிய வெயிலில், ஷெட்டின் நடுவே நின்றவளுக்கு அதுதான் காதில் ஒலித்தது.

கையிலிருந்த போன் ‘ஃபேன் ஓடுகிறது’ என்று பச்சையாகக் காட்டியது. ஷெட்டில் ஒரு ஃபேனும் ஓடவில்லை. கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின.

ஓடிப்போய் சுவிட்சைக் கையால் போட்டாள். ஃபேன்கள் சுற்றின.

“மொதலாளிகிட்டச் சொல்லிரு அம்மிணி,” என்றாள் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த செல்லியம்மாள்.

“நானும் பழி போடறேன்னுதான் சொல்லுவாரு. அப்பா லாரி ஓட்டறதை நிறுத்தியாச்சுக்கா. வீட்ல என் சம்பளம்தான்.”

“சொல்லாம உட்டு, நாளைக்கு நீ சோத்துக்குப் போன நேரத்துல நின்னுபோச்சுன்னா?”

ஜெர்லின் கையிலிருந்த போனை மறுபடி பார்த்தாள்.

போனிலிருந்தே ஃபேனை ஓட்டும் அந்த ஆப் இலவசம். யார் யாரோ சேர்ந்து எழுதிப் பொதுவில் விட்டது. அதில் தப்பு இருந்தால் முன்பெல்லாம் கணக்குத் தொடங்கி, இங்கிலீஷில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். இப்போது புதிதாக ஒரு சிவப்புப் பொத்தான் வந்திருந்தது.

‘தப்பா இருக்கா? அமுக்கிப் பேசுங்க. பேர் சொல்ல வேண்டாம்.’

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அமுக்கினாள். பாதிக் குரல்தான் வந்தது.

“கரண்ட் போய் ஜெனரேட்டர் வந்துச்சுங்க. அப்புறம் ஃபேன் ஓடலை. ஆனா ஓடறதாக் காட்டுது.”

சாயங்காலம் முட்டை லாரி ஏற்றும் இடத்தில் ராசப்பன் எதிரே நிற்கும்போதே போன் சத்தம் போட்டது. திரையில் அதே சிவப்பு.

“என்ன அது? கொண்டா.”

“ஒண்ணுமில்லைங்கய்யா…”

பிடுங்கி, அவரே அமுக்கினார். ஜெர்லின் கண்ணை மூடிக்கொண்டாள். செல்லியம்மாள் முட்டை அட்டையோடு அப்படியே நின்றாள்.

“ரொம்ப நன்றிங்க,” என்றது ஓர் ஆண் குரல். “தப்பு உங்க மேல இல்லை. இதுக்கு முன்னால சொன்னவங்க சொல்லி இது பிடிபடலை. ஜெனரேட்டர் மாறினப்பன்னு நீங்க சொன்னதுலதான் சிக்குச்சு. ஆப்பை எழுதறவங்க சரிபண்றாங்க. அதுவரைக்கும் கரண்ட் போய் வந்தா, போனை நம்பாம ஃபேனைக் கண்ணால பாத்துக்குங்க. கோழி பாவம்.”

குரல் கொஞ்சம் நின்று தொடர்ந்தது.

“பயப்படாதீங்க. யாரும் பயப்படாமச் சொல்லணும்னுதான், நானே அவங்களைக் கெஞ்சி இந்தப் பட்டனை வைக்கச் சொன்னேன். இதே தப்பை முதலாளிகிட்டச் சொல்லப் போய்த்தான் எனக்கு வேலை போச்சு.”

ராசப்பன் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அட்டையைக் கீழே வைத்துவிட்டு, செல்லியம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

“ஏனுங்க… நீங்க வெரட்டி உட்ட மார்ட்டின் தம்பி கொரலுங்களே இது?”