கருட சேவைக் கைதி

"பட்டுக்குப் போடுற சாயம் நிக்கும்பா, மனுசனுக்குப் போடுற சாயம் நிக்குமா? இதோ, வெளுத்துப் போச்சே!"

சபை மூப்பர் தேவசகாயம் கை நீட்டிக் காட்டிய இடத்தில், சாயப்பட்டறைத் தொழிலாளி யேசுதாஸ் தலைகுனிந்து நின்றான்.

பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த அவன் மனைவி அன்னம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். யேசுதாஸைச் சபையின் உபதேசியாராக நியமிப்பதா, சபையை விட்டே நீக்குவதா என்று இன்று முடிவு செய்யப் போகிறார்கள். அமாவாசையாதலால் காஞ்சிபுரத்தில் தறிகள் ஓடவில்லை. நெசவுக்குப் போகும் சபையார் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள்.

ஒரு காலத்தில் அவன் திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படி செய்தவன் என்பது ஊரறிந்த செய்தி. ஆண்டுதோறும் கருட சேவை நெருங்கும்போது, பழைய ஜேப்படிக்காரர்களை முன்கூட்டியே பிடித்து, திருவிழா முடியும் வரை லாக்கப்பில் வைத்திருப்பார்கள். திருந்திய பிறகும் அவனுக்கு அதிலிருந்து விடுதலை கிடைக்கவில்லை.

"ஞானஸ்நானம் வாங்கி எத்தினி வருசம் ஆவுது? திருந்தினவன்னா போலீஸ் இன்னமும் வந்து இட்டுக்கினு போவுமா? திருடன் யாருன்னு அவங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சுடுச்சு?" என்றார் தேவசகாயம்.

ஆயர் கனிவாகக் கேட்டார்: "யேசுதாஸ், நீ சொல்லிக்க ஒண்ணுமே இல்லையாப்பா?"

"லாக்கப்புல இருந்தது நெஜந்தான் ஆயரய்யா. அதுக்கு மேல என்னை ஒண்ணும் கேக்காதீங்க."

வீட்டில் அன்னம்மாளிடமும் இதையேதான் சொன்னான். இந்த ஆண்டும் ஏட்டு வந்து வாசலில் ஏதோ பேசியதையும், இவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்ததையும் அவள் கண்ணாரக் கண்டிருந்தாள்.

அப்போது வாசலில் பூட்ஸ் ஓசை கேட்டது. அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக அதே ஏட்டு அப்பாதுரை நின்றார்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்னும் பழமொழியைச் சபைக்குள் சொல்லலாகாது. தேவசகாயம் மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். முகம் அப்படி மலர்ந்தது.

"வாங்க ஏட்டையா! நீங்களே சொல்லுங்க. கருட சேவைக்கு முன்னாடி இவன் வீட்டுக்குப் போனீங்களா, இல்லியா?"

"போனேன்."

"லாக்கப்புல வெச்சது?"

"இந்தக் கையாலதான் பூட்டினேன்."

"கேட்டுக்குங்கப்பா! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அன்னம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்குது," என்று ஏட்டு தொப்பியைக் கழற்றினார். "நான் லத்தியை ஓங்கினா உள்ளே இருக்கறவனுங்க எழுந்து நிப்பானுங்க, முதுகைத் திருப்பினா பழைய கதைதான். இவரு சத்தமே போடல. ஆண்டவரைப் பத்திப் பேசினாரு. அத்தினி பேரும் தேம்பித் தேம்பி அழுதானுங்க. ஆயுசு பூரா உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சவன் நான். இவரை அனுப்பின அதிகாரி என் அதிகாரிங்களுக்கெல்லாம் மேலேன்னு எனக்குத் தெரியாதா? அவனுங்க வாசல்ல நிக்கிறானுங்க, உள்ளே வரலாமான்னு கேட்டுக்கினு. நானும் அதைக் கேக்கத்தான் வந்தேன்."

ஆயர் எழுந்து நின்றார். தேவசகாயமோ விடுவதாயில்லை.

"அது கெடக்கட்டும் ஏட்டையா! காரணமில்லாமலா இவனைப் பிடிச்சீங்க?"

"பிடிச்சேனா? சொன்னா என் வேலை போயிடும்னுதான் இவரு ஊமையா நிக்கிறாரு. போற வேலை போவட்டும்! 'உன் மேல சந்தேகமில்லப்பா, இந்த வருசம் நீ வர வேணாம்'னு சொல்லத்தான் அன்னிக்கு வீட்டுக்குப் போனேன். 'உள்ளே கெடக்கறவங்களுக்கு யாரு இருக்கா ஏட்டையா? என்னையும் சேத்துப் பூட்டுங்க'ன்னு இவருதான் என் பின்னாலேயே வந்தாரு!"