ராட்சசன் கழட்டிய பூட்ஸ்

“அந்த ராட்சசன் பூட்ஸைக் கழட்டி வாசல்ல வுட்டுட்டுத்தான் ஊட்டுக்குள்ள வந்தான். நான்தான் கழட்ட வெச்சேன்!” என்றாள் சரசா.

சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் கணவர் ஞானசேகரன் தலையைத் தூக்காமலே சிரித்தார்.

“எழுதிக்க தம்பி. அவனுக்கு டிகிரி காப்பி போட்டுக் குடுத்தேன்னு அடுத்தாப்ல சொல்லுவா, அதையும் எழுதிக்க.”

தம்பி என்பது ஜஸ்டின். அம்பத்தூரில் ஒரு கேம் கம்பெனியில் விளம்பரப் பிரிவில் இருக்கிறான். அவர்களுடைய புது வீடியோ கேம் பொங்கலுக்கு வரப்போகிறது. பிடித்த வேடத்தை எடுத்துக்கொண்டு, கவசம் ஆயுதம் எல்லாம் மாட்டலாம், கழட்டலாம். சுவரோ தூணோ கோட்டையோ, எதை அடித்தாலும் பொலபொலவென்று இடிந்து விழும். ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க, போன ஞாயிறு திருமுல்லைவாயிலில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, அறைக்கு ஒரு கம்ப்யூட்டரும், ஒரே ஆட்டத்தில் இருப்பவர்கள் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்க மைக் வைத்த ஹெட்செட்டும் போட்டு, எந்த வயதுக்காரரும் வந்து ஆடலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

ஊரே போய் இடித்தது. அன்று மண்டபத்தில் எழுந்த கூச்சலுக்கு, ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ரயில்கூட ஒரு நிமிடம் நின்று என்னவென்று கேட்டுவிட்டுப் போனதாம்.

“செம ரியாக்‌ஷன் சார்,” என்றான் ஜஸ்டின். “சைனம்பு ஆன்ட்டி ஒரு தூணை இடிச்சுட்டு, ‘உள்ள கம்பியே இல்ல, எந்த மேஸ்திரிடா கட்டினான்’னு திட்டினாங்க. பி பிளாக் பூபாலன் சார் நூத்திப் பதினாலு சுவர்! ஒவ்வொண்ணுக்கும் அவரோட பழைய ஹவுஸ் ஓனர் பேரைச் சொல்லிச் சொல்லி அடிச்சார்.”

“அவரை வுடு, என் கதைக்கு வா,” என்றாள் சரசா.

“அங்கதான் சிக்கல் ஆன்ட்டி. டிவில வர்ற டிரெய்லர்ல ஒரே ஒருத்தரைத்தான் போடப் போறோம். உங்க ஆட்டத்துல கரன்ட் போய் ரெக்கார்டு மொத்தமும் அழிஞ்சிடுச்சு. அந்த ஆட்டத்துல இருந்த வேற யாராவது ‘ஆமா, நடந்துச்சு’ன்னு சொன்னாப் போதும், உங்களைப் பேச வெச்சே படம் எடுத்துடலாம். இல்லன்னா நாலு மணிக்குப் பூபாலன் சார் வீடியோவை அனுப்பிடுவேன்.”

மணி மூன்று ஐம்பது.

“ஆட்டத்துல நானும் அவனுந்தானே இருந்தோம்!”

“அப்ப ராட்சசனையே கூப்ட்டு சாட்சி சொல்ல வை,” என்று ஞானசேகரன் தொடையைத் தட்டிச் சிரித்தார். ஜஸ்டின் மட்டும் சிரிக்கவில்லை.

“என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லுங்க ஆன்ட்டி.”

சரசா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ஒரு ஊட்டுக்குள்ள போனேன். அப்பத்தான் வெள்ளையடிச்ச மாரி பளிச்சுனு கீது. அதைப் போய் யாரு இடிப்பா? தொடப்பம் எங்க கீதுன்னு தேடிகினு இருந்தேன். தொம்மு தொம்முனு வரான் ராட்சசன். ஆவடி தண்ணி டேங்க் ஒசரம். பூட்ஸ் ஒண்ணொண்ணும் ஒரு ஷேர் ஆட்டோ. அதுல முழங்கால் வரிக்கும் சேறு! எனக்கு வந்துச்சே கோவம்... ‘எத்தினி வாட்டி சொல்றது? செருப்பை வெளியில வுட்டுட்டு வா!’ன்னு ஒரு கத்து கத்தினேன். அப்டியே ரெவர்ஸ்ல போனான். ரெண்டையும் கழட்டி ஜோடியா வெச்சான்.”

“அப்புறம்?”

“குனிஞ்சிகினு உள்ள வந்தான். ‘எண்ணெத் தலையோட சுவத்துல சாயாத’ன்னேன், சாயல. ‘ஓரமா ஒக்காரு’ன்னேன், ஒக்காந்துட்டான். கதாயுதத்தால மண்டையில நாலு போட்டேன். வாங்கிகினு கம்முனு கீறான்!”

“புளுகுறதுக்கும் ஒரு அளவு கீது சரசா,” என்று பேப்பரை மடித்தார் ஞானசேகரன். “ராட்சசன்னா ஒரு ரோசம் இருக்காதா? அடி வாங்கிகினு கம்முனு ஒக்காருவானா? மொதல்ல, அறுபத்தஞ்சு வயசுல இடிக்கிற ஆட்டம் ஆடப் போனதே மானக்கேடு. நம்ம வயசுக்காரன் எவனாச்சும் அந்த மண்டபத்துப் பக்கம் போவானா?”

ஒரு வாரமாக அவர் பிளாக் முழுக்கச் சொல்லிவரும் வசனம் இது.

“கல்யாணம் ஆன நாளா ‘உனக்கு டிவி ரிமோட் புடிக்கத் தெரியாது’ன்றாரு தம்பி இவுரு,” என்றாள் சரசா. “ஒரு தபா அதுல என் மூஞ்சி வந்துச்சின்னா, அந்தப் பேச்சு நின்னுடும்னு பார்த்தேன்.”

ஜஸ்டின் கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐம்பத்தெட்டு.

“சாரி ஆன்ட்டி.” லேப்டாப்பை மூடிவிட்டுப் போனை எடுத்தான்.

ராட்சசனையே அதட்டியவள் மெல்ல எழுந்தாள். ஜஸ்டின் குடித்த காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள். “வுடு தம்பி. அவுரு சொல்றதுதான் சரி. எனக்கு இன்னா தெரியும்,” என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறந்த சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கவில்லை.

ஞானசேகரன் மடித்த பேப்பரை விரித்தார். மறுபடி மடித்தார்.

“தம்பி... அதை அனுப்பாத.”

“ஏன் சார்?”

“அவ சொன்னது அத்தினியும் நெசம். எழுதிக்க.”

“நீங்க எப்படி சார் சொல்றீங்க?”

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, ஜஸ்டினின் காதருகே குனிந்தார்.

“பக்கத்து ரூம்ல ராட்சசன் வேசம் எடுத்துகினு ஆடினது நான்தாம்பா. அந்தக் கொரலைக் கேட்டதும் கை தானா பூட்ஸைக் கழட்டிடுச்சி.”